உள்ளே ஒன்றுமில்லை என்று தம்பி சொன்ன கொம்பியூட்டர்

மேல் டிவிசன்,
தெமோதரை.
ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்.

அன்புள்ள தம்பி சதீஸ்குமாருக்கு,

அக்கா விஜயலெட்சுமி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மச்சான் அழகையாவும் என் மாமியார் இராக்கம்மாவும், மழை, பனி, அட்டைக்கடி மூன்றையும் கழித்துவிட்டுப் பார்த்தால், சுகமாகவே இருக்கிறோம். அதேபோல் கொழும்பில் நீயும், உனக்கு அறை கொடுத்து நேரத்துக்குச் சோறும் போடுகிற அந்தப் புண்ணியவதியும் ஒரு குறையுமில்லாமல் இருக்க முனியாண்டி சாமியை வேண்டிக்கொள்கிறேன். இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ என்னைப் பேச விட்டால்தானே. நான் ஒரு வசனத்தைத் தொடங்குவதற்குள், சரிக்கா, அத விடுங்க, திரையில என்ன தெரியுது என்று குறுக்கே பாய்கிறாய். கடிதத்தில் அது நடக்காது. ஆகவே உட்கார்ந்து முழுவதையும் வாசி.

விசயம் இதுதான். நீ தேடிப் பிடித்து வாங்கித் தந்த கொம்பியூட்டரையும் பிரிண்டரையும், பெட்டியை ஓட்டுவதற்கென்று நீ அனுப்பிய லினக்ஸ் சீடியையும் திருப்பி அனுப்பப் போகிறேன். சீடி இரண்டல்லவா அனுப்பினேன் என்று கேட்காதே, ஒன்றுதான் வரும், அந்தக் கதை கீழே இருக்கிறது. கடை திறக்கப் போவதில்லை. நாளைக் காலை நான் மறுபடியும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறப் போகிறேன்.

கடை என்றால் எனக்கு என்னவென்று உனக்குத் தெரியும். ஒரு விண்ணப்பம் அடிக்க, ஒரு போட்டோ கொப்பி எடுக்க, இங்கேயிருந்து பொம்பளைகள் ஒருநாள் பேரையும் கூலியையும் விட்டுவிட்டுப் பதுளைக்குப் பஸ் ஏறுகிறார்கள். அங்கே போய் வரிசையில் நின்று, யாரோ ஒரு பையனிடம் தன் வீட்டுச் சங்கதியெல்லாம் சொல்லி, அவன் பேரைப் பிழையாக அடித்து, திரும்பவும் பஸ் ஏறுகிறார்கள். நானும் அப்படி அலைந்தவள்தான். சின்ன வயதில் டைப்பிங் படித்த கை, இருபது வருசமாகக் கொழுந்துதான் பறிக்கிறது. பழைய டிஸ்பென்சரி அறை சும்மா கிடக்கிறதே, அங்கே ஒரு சின்னக் கொமியூனிகேசன் கடை போட்டால் என்ன என்று தோட்டத்து நலன் பார்க்கிற வெல்பெயார் ஐயா இரகுநாதனிடம் போய் நின்றேன். அவர் யாழ்ப்பாணத்து மனுசர், நல்லவர், ஆனால் சொன்ன தேதியில் ஒரு நாள்கூட இளகமாட்டார். "விஜயதசமிக்குத் திறந்தீரெண்டால் அறை உமக்கு, பிள்ளை. இல்லாட்டி கரம் போட் வைச்சு விளையாடப் பெடியளுக்குக் குடுத்திடுவன்," என்று முடித்துவிட்டார். விஜயதசமி இந்த வியாழக்கிழமை. கரம் போட் ஏற்கெனவே வாசலில் வந்து சாய்ந்து நிற்கிறது.

முதலில் சீடியின் கதை. பார்சல் ஒப்பிசுக்கு வந்த அன்று நவராத்திரி தொடங்கியிருந்தது. நம் வீட்டில் சோறு போடுகிற எந்தச் சாமானையும் சரசுவதிக்கு முன்னால் வைக்காமல் தொடமாட்டோம் என்பது உனக்குத் தெரியாததல்ல. அத்தை குளித்துவிட்டு வந்து திரைக்கு ஒரு பொட்டு, பிரிண்டருக்கு ஒரு பொட்டு, எலிக்கு ஒரு பொட்டு என்று வைத்துக்கொண்டே வந்தார். அதுவரைக்கும் ஒரு குற்றமும் இல்லை. பிறகு சீடிகளைக் கையில் எடுத்தார். ஒரு பக்கத்தில் நீ கறுப்பு மார்க்கரால் கிறுக்கி வைத்திருந்தாய். மறுபக்கம் பளபளவென்று இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கிறுக்கியிருக்கிற பக்கம் முதுகு, மூஞ்சி தெரிகிற பக்கம்தான் மூஞ்சி என்று தீர்ப்புச் சொல்லி, அந்த மூஞ்சியில் ரூபாய்க் குத்திக் காசளவு சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமமும் வைத்தார். ஒன்றுக்கு மட்டும் வைத்தால் மற்றது கோபித்துக்கொள்ளும் என்று இரண்டுக்கும் வைத்தார். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அன்று பின்னேரம் சீடியை உள்ளே தள்ளினால், பெட்டி தொண்டையில் முள் சிக்கிய பூனை மாதிரிக் கொர் கொர் என்று இழுத்துவிட்டு அப்படியே வெளியே துப்பியது. நான் உனக்குப் போன் எடுத்தேன். சீடி சுத்தமாக இருக்கிறதா என்று கேட்டாய். பூசையில் வைத்து எடுத்தது, இதைவிடச் சுத்தம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். உனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும், தம்பி. நீதானே படித்தவன். கடைசியில் பொட்டுத்தான் காரணம் என்று கண்டுபிடித்தவர் உன் மச்சான். கண்டுபிடித்ததோடு நிறுத்தியிருக்கலாம். குத்துவிளக்கு விளக்குகிற மாதிரித் தேங்காய்ப் பொச்சையும் அடுப்புச் சாம்பலையும் எடுத்து ஒரு சீடியைத் தேய்த்தார் பார், இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கம் நீ கிறுக்கியது தெரிகிற அளவுக்குத் தேய்த்துவிட்டார். அந்தச் சீடி இப்போது போஞ்சிப் பாத்தியில் கயிற்றில் தொங்கிக் குருவி விரட்டுகிறது. லினக்ஸ் அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. மற்றதை நான் பிடுங்கி, அவருடைய கல்யாண வேட்டியின் முனையை நனைத்துப் பிள்ளை முகம் துடைக்கிற மாதிரித் துடைத்துக் காப்பாற்றினேன்.

சீடி பிழைத்தது என்று பார்த்தால், கரண்டு படுத்துக்கொண்டது. டிஸ்பென்சரி அறைக்கும் நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துக்கும் ஒரே வயர். பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கு வீடு ரைஸ் குக்கரும் டீவியும் போடுவார்கள், பல்பு சிவந்து மங்கும், நம்முடைய பெட்டி திரையில் ஏதோ சொல்ல வந்துவிட்டுச் சொல்லாமலே அணைந்துபோகும். இப்படிப் பல பின்னேரம் போனது. பக்கத்துக் காம்பராவில் இராசையா அண்ணன் இருக்கிறாரே, மைக் இல்லாமலே பக்கத்துத் தோட்டம் வரைக்கும் பேசக்கூடியவர், அவர்தான் வழி சொன்னார். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் லயம் முழுக்க நடந்து, விஜயா பெட்டிக்கு உயிர் வரும்வரைக்கும் ஒருத்தரும் ஒரு சுவிச்சையும் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். ஒருவரும் மறுக்கவில்லை, தம்பி. விறகடுப்பில் சமைத்தார்கள். டீவி நாடகத்தைக்கூட விட்டுக்கொடுத்தார்கள். எனக்காக ஒரு லயமே டீவியை அணைத்ததை நினைக்கும்போது இப்போதும் நெஞ்சு நிறைகிறது. ஆனால் டீவி இல்லாத சனம் என்ன செய்யும்? நேரே டிஸ்பென்சரிக்கு வந்து, கைப்பிள்ளை, பாய், வெற்றிலைப் பை சகிதம் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டது.

நீ எழுதித் தந்தபடியே, பெட்டி சீடியிலிருந்து தொடங்குவதற்கு எஃப் பன்னிரண்டை அழுத்தினேன். மூன்றாம் முறை சரியாக விழுந்தது. உலகத்திலுள்ள மொழியெல்லாம் வரிசையாக வந்து நின்றது. அதில் கீழே கீழே போய்த் தமிழைக் கண்டுபிடித்ததும் பின்னால் கைதட்டினார்கள். ஆனால் அந்தத் தமிழ், பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில் பிரதம விருந்தினர் பேசுகிற தமிழ். நிறுவுக என்கிறது, பகிர்வு என்கிறது, வன்தட்டு என்கிறது. நான் ஒவ்வொன்றையும் உரக்க வாசிக்க, இராசையா அண்ணன் அதற்கு அர்த்தம் சொல்ல, அந்த அர்த்தத்தை இன்னொருவர் மறுக்க, ஒருவழியாக நீ சிவப்பு மையால் கோடு போட்டுக் காட்டியிருந்த இடத்துக்கு வந்து சேர்ந்தோம். 'எல்லாவற்றையும் அழித்துவிட்டு நிறுவு என்பதை அழுத்து. பயப்படாதே. உள்ளே ஒன்றுமில்லை' என்று நீ எழுதியிருந்தாய். திரை அப்படிச் சொல்லவில்லை. உள்ளே இருக்கிற ஆவணம், போட்டோ, பாட்டு எல்லாம் போய்விடும், திரும்ப வராது என்று எச்சரித்தது.

அதையும் நான் உரக்க வாசித்துத் தொலைத்தேன். உடனே இராசையா அண்ணன், "உள்ள என்ன இருக்குன்னு பாக்காம எப்புடிம்மா அழிக்கிறது? கொழுந்துக் கூடையக்கூட கவுத்துப் பாத்துட்டுத்தானே கழுவுறோம்," என்றார். என் தம்பி உள்ளே ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறான் என்றேன். "தம்பி உள்ள போயி பாத்துச்சா?" என்று கேட்டார். உன்னிடம் பதில் இருந்தால் எழுது.

திரும்பிப் பின்னால் போனால், நிறுவாமலே சும்மா முயன்று பார்க்கலாம் என்று இன்னொரு வழி இருந்தது. அதை அழுத்தினேன். சீடி சுற்றிச் சுற்றி, வெகுநேரம் யோசித்து, ஒரு புதுத் திரையைக் கொண்டுவந்து நிறுத்தியது. அதிலே பெட்டியின் அடையாளம் ஒன்று இருந்தது. திறந்தேன். இந்த மெசின் பதுளையில் மூடப்பட்ட ஷாமில் நானாவின் ஸ்டூடியோவில் இருந்தது என்று நீதானே சொன்னாய். உள்ளே வருசம் வருசமாக அடுக்கி, ஒவ்வொரு வருசத்துக்குள்ளும் ஊர் ஊராகப் பிரித்து வைத்திருக்கிறார் மனுசன். லுணுகலை என்று ஒன்று, அப்புத்தளை என்று ஒன்று. தெமோதரையைத் திறந்தேன்.

எல்லாம் முகம், தம்பி. அடையாள அட்டைக்கும் பாஸ்போட்டுக்கும் பிடித்த முகங்கள். எங்கள் லயம், மேல் லயம், ஆற்றோர லயம், எல்லாரும் இருக்கிறார்கள். ஆம்பளைகள் அத்தனை பேரும் ஒரே நீலக் கோடு போட்ட சட்டை. வருசம் மாறுகிறது, சட்டை மாறவில்லை. அது ஸ்டூடியோவில் ஆணியில் தொங்கிய சட்டையாம், உன் மச்சானும் அதற்குள் நுழைந்து வந்தவர்தானாம். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். இவளுக்கு அப்போது எவ்வளவு முடி, இவனுக்கு எப்போது பல் போனது என்று ஒரே கும்மாளம். இராசையா அண்ணனின் மூத்த மகள் குவைத்துக்குப் போகுமுன் பிடித்த படம் வந்தபோது அவர் மட்டும் சத்தமில்லாமல் இருந்தார். அவர் சத்தமில்லாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அடுத்ததாக என் மாமனார் வந்தார். அவர் போனபிறகு எங்களிடம் அவருடைய படம் இல்லாதது உனக்குத் தெரியும். அடையாள அட்டை செத்த வீட்டுக் களேபரத்தில் எங்கேயோ போய்விட்டது. கோயில் திருவிழாவில் யாரோ பிடித்த கூட்டப் படத்தில் அவருடைய ஒரு காதும் அரைவாசித் தலைப்பாகையும்தான் விழுந்திருந்தது. அந்தக் காதைப் பெரிசாக்கிச் சட்டம் போட்டு, அதற்குத்தான் இத்தனை காலமும் மாலை போட்டு வருகிறோம். இப்போது இரண்டு காதோடும் நீலக் கோட்டுச் சட்டையோடும் நேரே பார்த்துக்கொண்டு திரையில் நின்றார். நிறுத்து என்றார் அத்தை. எழுந்து கிட்டே வந்தார். பிறகு, "மேப்பொத்தானப் போடுங்கன்னு சொல்லித்தான் அனுப்புனேன். போடல பாரு," என்று திரையைப் பார்த்தே ஏசினார்.

நான் திரும்பவும் அந்த அழிக்கிற இடத்துக்குப் போனேன். போகாமல் என்ன செய்வது? வியாழக்கிழமை கடை திறக்க வேண்டும். விரல் அங்கேயே நின்றது. அறையில் ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்துவிட்டு அழுத்தியிருப்பேன். அத்தைகூடச் சொல்லவில்லை. "ஒங் கட, ஒங் கையி. நீயே பாத்துக்க," என்று சொல்லிவிட்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார். நான் பெட்டியை அணைத்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. கடைக்காகவும் வந்தது, மாமாவுக்காகவும் வந்தது, எதற்கு எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை.

படங்களை வேறொன்றில் ஏற்றி வைத்துவிட்டு அழிக்கலாமே என்பாய். அணைக்குமுன் அதையும் பார்த்தேன், நீ தந்த பென்டிரைவில் தெமோதரையே பாதிக்கு மேல் ஏறவில்லை, லுணுகலைக்காரர்களை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? பெரியது ஒன்று கொழும்பிலிருந்து வருவதற்குள் வியாழன் போய்விடும், அறையும் போய்விடும். ஆகையால் பெட்டியை உன்னிடமே அனுப்புகிறேன். கடை வைக்க எனக்கு விதி இல்லை என்று தேற்றிக்கொள்கிறேன். நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, அதை யாருக்கும் விற்காதே, அழிக்காதே, மழைத்தண்ணீர் படாத இடத்தில் வை. உள்ளே ஒன்றுமில்லை என்று இனி எந்தப் பெட்டியைப் பற்றியும் யாருக்கும் எழுதாதே.

மற்றபடி ஒரு கவலையுமில்லை. உன் மச்சான் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார். அத்தை உனக்குத் தினமும் ஒரு துண்டு இஞ்சி கடிக்கச் சொன்னார், எதற்கென்று சொல்லவில்லை. இராசையா அண்ணன் விசாரித்தது உனக்கே கேட்டிருக்கும். முனியாண்டி சாமி உன் பக்கத்திலேயே நின்று காவல் காக்கட்டும்.

இப்படிக்கு,
கடை திறக்காத உன் அக்கா,
விஜயலெட்சுமி.

பி.கு.: மேலே எழுதியதில் இஞ்சியைத் தவிர வேறொன்றையும் கணக்கில் எடுக்காதே. தபாலில் போடச் சொல்லி உன் மச்சானிடம் கொடுத்த கடிதம் அவருடைய சட்டைப் பையிலேயே இருந்து, இன்றைக்குத் துவைக்கப் போடும்போது அகப்பட்டது. இதற்கிடையில் விஜயதசமி போய்விட்டது. கடை திறந்துவிட்டது.

வியாழக்கிழமை காலையில் அத்தை பூசைக்கு எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, மாமாவை ஒருதரம் காட்டு என்று வந்து நின்றார். சீடியைப் போட்டு, நிறுவாமலே, அவர் படத்தை எடுத்து, பிரிண்டரையும் மாட்டிப் பார்த்தேன். முனகி முனகி அவரைக் காகிதத்தில் கொண்டுவந்து கொடுத்தது. அந்த நேரம் பார்த்து இரகுநாதன் ஐயா உள்ளே வந்தார். தண்ணீர் வெட்டு அறிவித்தல் ஒன்று அடித்துத் தர முடியுமோ என்று கேட்டார். பரிசளிப்பு விழாத் தமிழில் தேடி, எழுதுகிற இடத்தைக் கண்டுபிடித்து, அடித்துக் கொடுத்தேன். ஒரு எழுத்தும் பிழையில்லை. இன்னும் நிறுவவில்லைங்க ஐயா, சும்மா முயன்று பார்க்கிறதில்தான் ஓடுகிறது என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். "உது வேலை செய்யுதுதானே, பிள்ளை?" என்று கேட்டார். செய்கிறது என்றேன். "பிறகென்ன?" என்று சொல்லி, கடையைத் திறக்க வெட்டுகிற ரிப்பனைத் தேடினார். கரம் போட் கைப்பிள்ளைகளைப் பார்க்கிற பிள்ளைக்காம்பராவுக்குப் போய்விட்டது.

ஆக, நீ நிறுவச் சொன்ன லினக்ஸ் இன்னும் நிறுவப்படவில்லை. சீடி உள்ளேயே இருக்கிறது, அந்த மூடியை யாரும் திறக்காதபடி உன் மச்சான் பிளாஸ்டர் ஒட்டிவிட்டார். கரண்டு போனால் பெட்டிக்கு எல்லாம் மறந்துபோகிறது. தினமும் காலையில் நான் யார், என் மொழி என்ன என்று புதிதாகக் கேட்கிறது, என்றைக்கும் ஏதோ ஒரு பழைய வருசத்தின் ஜனவரி முதலாம் திகதி என்கிறது. நானும் கோபிக்காமல் சொல்லிக்கொடுக்கிறேன். ஷாமில் நானாவுக்குப் போன் எடுத்தேன். "அவங்கவங்க மொகம்தானே தங்கச்சி, வந்து கேக்குறவங்களுக்குக் குடுத்துருங்க," என்றார். செய்தி பரவி லுணுகலையிலிருந்துகூட ஆட்கள் வருகிறார்கள். வந்தவர்கள் படத்தோடு ஒரு விண்ணப்பமும் அடித்துக்கொண்டு போகிறார்கள். மாமாவின் படத்தைக் கொம்பியூட்டரில் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று யாரோ சொல்லப்போக, இருந்தபோதே சிரிக்காத மனுசன், இப்போது சிரித்தால் யாரென்று எனக்கு அடையாளம் தெரியாது என்று அத்தை ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

அடுத்த லீவுக்குப் படங்களை ஏற்றப் பெரிய சாமான் ஒன்றை எடுத்துக்கொண்டு நீயே வா. பஸ்ஸில் கொடுத்து அனுப்பாதே. போன தடவை நீ வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் விட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. தெமோதரைக்குள் நேற்று உன்னையும் கண்டுபிடித்தேன். பதினாறு வயது, அடையாள அட்டைக்குப் பிடித்தது, இல்லாத மீசையை மையால் வரைந்துகொண்டு போயிருக்கிறாய், ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. பெரிசாக அடித்து, வாசலில் மாதிரிப் படமாக ஒட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் இது யார் பிள்ளை என்று கேட்கிறார்கள், நானும் சலிக்காமல் சொல்கிறேன். அதை நான் கழற்றமாட்டேன், வேண்டுமானால் நீ வந்து கழற்றிக்கொள்.